பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அளக்கத் தமிழ் அளவுகோல்: நூலகத்தில் எங்கே, எப்படித் தேடுவது?

கடலூரில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கும் தாய்மார் 200 பேரிடம் மனச்சோர்வை அளந்து ஆய்வேடு எழுத வேண்டும். தரப்படுத்தப்பட்ட சோதனையாக இருக்க வேண்டும், தமிழ் வடிவமும் இருக்க வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். கல்லூரி நூலக அலமாரியில் ஒரு சோதனைகூட இல்லை. கூகுளில் தேடினால் பத்துப் பிடிஎஃப் வருகிறது. எதை எடுப்பது, நூலகத்தால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்கிறார்.

நிறையப் பயன் உண்டு. ஆனால் நூலகத்தில் சோதனையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சோதனையைப் பற்றி எழுதப்பட்டதைத் தேடுங்கள். ஒரு உளவியல் சோதனை நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. வினாத்தாள் ஓரிடம். அதை எப்படிக் கொடுப்பது, எப்படி மதிப்பெண் போடுவது என்று சொல்லும் கையேடு இன்னோரிடம். அது தேறுமா என்று பிற அறிஞர்கள் எடைபோட்ட மதிப்புரை வேறோரிடம். தமிழ் பேசும் மக்களிடம் அது சரியாக அளக்கிறதா என்று பார்த்த ஆய்வுக் கட்டுரை மற்றோரிடம். கூகுளில் வரும் பிடிஎஃப்பில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் இருக்கும். அதையும் யார் மொழிபெயர்த்தார்கள் என்ற விவரம் இருக்காது. உங்கள் கைடு கேட்பது நாலாவதை.

தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எதை அளக்கிறீர்கள், யாரிடம், எதற்காக. ‘மனச்சோர்வு’ என்று மட்டும் எழுதினால் போதாது. பிரசவமான பெண்ணுக்குத் தூக்கம் கெடுவதும், அசதியும், பசி மாறுவதும் இயல்பு. பொதுவான மனச்சோர்வு அளவுகோல்கள் இவற்றுக்கும் மதிப்பெண் போடும். பிஹெச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வி அளவுகோலில் மூன்று கேள்விகள் இவை பற்றியவையே. இரவெல்லாம் பால் கொடுத்து விழித்திருந்தவர் அங்கே சோர்வுற்றவராகத் தெரியக்கூடும். இந்தச் சிக்கலைக் கருதித்தான் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி மூவரும் 1987இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் எடின்பரோ அளவுகோலை (முழுப்பெயர்: எடின்பரோ போஸ்ட்நேட்டல் டிப்ரஷன் ஸ்கேல்) வெளியிட்டார்கள். பத்துக் கேள்வி, கடந்த 7 நாள் நிலை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. தூக்கத்தைப் பற்றி அதிலும் ஒரு கேள்வி உண்டு. ஆனால் மனவருத்தத்தால் தூக்கம் வரவில்லையா என்றுதான் கேட்கிறது. எதற்காக என்பதும் முக்கியம். இது சலித்தெடுக்கும் கருவி. இதில் அதிக மதிப்பெண் வாங்கியவருக்கு நோய் உறுதி என்று ஆய்வேட்டில் எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

இனி அலமாரி. டூயி முறையில் அடுக்கிய நூலகமென்றால் உளவியல் சோதனைகள் பற்றிய பொதுநூல்கள் 150.287இல் இருக்கும். நுண்ணறிவுச் சோதனைகள் 153.93, ஆளுமைச் சோதனைகள் 155.28, கல்விச் சோதனைகள் 371.26, மனநோய் மருத்துவம் 616.89. இப்படி ஐந்து இடத்தில் பிரிந்து கிடப்பதால்தான் ஒரே அடுக்கைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடுகிறோம். சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பைப் பின்பற்றும் நூலகமென்றால் உளவியல் முழுவதும் எஸ் என்ற எழுத்தின் கீழ் வரும். எந்த முறையானாலும் கணினிப் பட்டியலில் தலைப்பைவிடப் பொருட்குறிச்சொல்லால் தேடுவதே நல்லது. ஆங்கிலத்தில் ‘சைக்கலாஜிக்கல் டெஸ்ட்ஸ்’ என்று பொருள் புலத்தில் தட்டுங்கள்.

இந்தியச் சோதனைகளுக்குப் பழைய கைந்நூல்கள் இரண்டைக் கேட்டுப் பாருங்கள். உதய் பாரீக்கும் வெங்கடேஸ்வர ராவும் 1974இல் தொகுத்த உளவியல், சமூக அளவுகோல்களின் கைந்நூல் ஒன்று. தேசியக் கல்வி ஆய்வு நிறுவனமான என்சிஇஆர்டி 1991இல் வெளியிட்ட, நுண்ணறிவு, திறன் சோதனைகளுக்கான இந்திய மனஅளவீட்டுக் கைந்நூல் மற்றது. டெல்லி என்சிஇஆர்டியில் கல்வி, உளவியல் சோதனைகளுக்கென்றே ஒரு தேசிய நூலகமும் இருக்கிறது. உங்கள் தலைப்புக்கு இவை நேரடியாக உதவாது. நுண்ணறிவு, மனப்பான்மை, சரிப்படுதல் போன்ற தலைப்பை எடுத்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு உதவும்.

சோதனைக் கையேடுகளை நூலகத்தில் காணாததற்கு ஒரு காரணம் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் விலைக்கு வாங்கிய சோதனைப் பெட்டிகள் பெரும்பாலும் உளவியல் துறையின் ஆய்வகத்தில், பூட்டிய பீரோவில் இருக்கும். வினாத்தாள், விடைத்தாள், மதிப்பெண் திறவுகோல், நெறிவரம்பு அட்டவணை, கையேடு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். கேள்விகள் வெளியே கசிந்தால் சோதனையே பயனற்றுப் போகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆகவே நூலகரிடம் கேட்டு முடித்ததும் துறை ஆய்வகப் பொறுப்பாளரிடம் சோதனைப் பட்டியலைக் கேளுங்கள். கையேட்டை அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள்.

மதிப்புரைக்கு உலகெங்கும் முதலில் புரட்டப்படுவது மென்டல் மெஷர்மென்ட்ஸ் இயர்புக். ஆஸ்கர் புரோஸ் 1938இல் தொடங்கியது. இப்போது நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் புரோஸ் மையம் நடத்துகிறது. அதில் சோதனை இருக்காது. நோக்கம், வயது, நேரம், வெளியீட்டாளர் ஆகியவற்றோடு அளவீட்டு வல்லுநர்களின் விமர்சனம் இருக்கும். சோதனை விற்பவர் சொல்லாமல் விட்ட குறையெல்லாம் இங்கேதான் வெளிவரும். ஆனால் இது முக்கியமாக ஆங்கிலத்தில் விற்பனைக்கு வரும் சோதனைகளுக்கானது. எடின்பரோ போல ஆய்விதழில் வெளியாகி இலவசமாகப் புழங்கும் அளவுகோல்களை இதில் எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்டெஸ்ட்ஸ் தரவுத்தளமும், உடல்நல, உளசமூகக் கருவிகளுக்கான ஹாப்பி தரவுத்தளமும்தான் பொருத்தம். சைக்டெஸ்ட்ஸ் பதிவில் ‘அனுமதி’ என்ற பகுதியை மறக்காமல் படியுங்கள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, உரிமையாளரைக் கேட்க வேண்டுமா என்று அங்கேயே எழுதியிருக்கும்.

இவையெல்லாம் நூலகம் சந்தா கட்டினால்தான் கிடைப்பவை. வளாக இணையத்தின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் திறக்கும். அதனால் வீட்டு வைஃபையில் பணம் கேட்கும் பக்கம் பல்கலைக்கழக நூலகக் கணினியில் முழுசாகத் திறந்துகொள்ளும். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் வந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி சுயநிதிக் கல்லூரியென்றால் அது உங்களுக்குக் கிடைக்காது. அப்போது பயணம் போகத்தான் வேண்டும். தெற்கே போனால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். உளவியல் துறையும் பழைய பெரிய நூலகமும் ஒரே வளாகத்தில். வடக்கே போனால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம். அங்கும் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. மருத்துவ இதழ்களுக்கு கோரிமேட்டில் ஜிப்மர் நூலகம். 1827இல் தொடங்கிய புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகமும் கடலூர் மாவட்ட மைய நூலகமும் பொதுவாசிப்புக்கும் பாடநூலுக்கும் நல்லவை. இந்த வேலைக்கு அங்கே நாளைச் செலவழிக்காதீர்கள்.

வெளியாள் என்று போகும்போது கல்லூரி அடையாள அட்டை, துறைத் தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம், பென் டிரைவ் மூன்றும் கையில் இருக்கட்டும். முன்னாடியே தொலைபேசியில் அழைத்து, வெளியாரை எந்தக் கிழமை, எத்தனை மணிவரை அனுமதிப்பார்கள், டிரைவில் சேமிக்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடிதத்தில் ‘நூலகத்தைப் பயன்படுத்த’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தரவுத்தளம், என்ன தலைப்பு என்று எழுதி வாங்கினால் குறிப்புதவிப் பிரிவில் இருப்பவரே பக்கத்தில் உட்கார்ந்து தேடித் தருவார். தேவையான கட்டுரைகளின் இதழ்ப்பெயர், ஆண்டு, தொகுதி, பக்க எண்களை வீட்டிலிருந்தே எழுதி எடுத்துப் போனால் ஒரே நாளில் முடிந்துவிடும். அங்கும் கிடைக்காத கட்டுரைக்கு, நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பான டெல்நெட் வழியாக நகல் கேட்கலாமா என்று உங்கள் நூலகரிடம் விசாரியுங்கள்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்: தமிழ் வடிவம். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். முதல் வழி, மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடுதளமான பப்மெட். எடின்பரோ என்ற சொல்லோடு ‘தமிழ்’, ‘தமிழ்நாடு’, ‘சவுத் இந்தியா’ என்ற மூன்றையும் ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்து, நடுவில் ‘ஆண்ட்’ போடுங்கள். ‘தமிழ்’ மட்டும் போட்டால், சுருக்கத்தில் மொழியைக் குறிப்பிடாமல் ‘தென்னிந்தியப் பெண்கள்’ என்று எழுதிய கட்டுரைகள் தப்பிவிடும்.

இரண்டாம் வழி மேற்கோள் சங்கிலி. கூகுள் ஸ்காலரில் 1987ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கண்டுபிடித்து, அதன் கீழே உள்ள ‘மேற்கோள் காட்டியவை’ என்ற எண்ணைச் சொடுக்குங்கள். ஆயிரக்கணக்கில் வரும், பயப்பட வேண்டாம். மேலே ‘மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் தேடு’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்து ‘தமிழ் வேலிடேஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் பட்டியல் சுருங்கிவிடும்.

வேலூரிலிருந்து 2005இல் வந்த தமிழ் வடிவச் சரிபார்ப்புக் கட்டுரை இந்தத் தேடலுக்கு நல்ல பாடம். அதன் தலைப்பில் அளவுகோலின் பெயர் ‘போஸ்ட்நேட்டல்’ என்று இல்லை, ‘போஸ்ட்பார்ட்டம்’ என்று இருக்கிறது. வெளியானதும் உளவியல் இதழில் இல்லை, இந்திய மகப்பேறு மருத்துவ இதழில். அளவுகோலின் முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, உளவியல் தரவுத்தளத்தில் மட்டும் தேடியிருந்தால் உங்களுக்குத் தேவையான அந்தக் கட்டுரையே கண்ணில் பட்டிருக்காது. எந்த அளவுகோலானாலும் பெயரின் ஒருபாதியை மட்டும் போட்டுத் தேடுங்கள், அண்டைத் துறை இதழ்களையும் பாருங்கள். இலங்கைத் தமிழ் வடிவம் ஏதாவது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஆனால் சொல் வழக்கு வேறு என்பதால் கடலூரில் அப்படியே கொடுத்துவிட வேண்டாம்.

மூன்றாம் வழி சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வேடு அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்பாக இருக்கும். ஆய்வுமுறை அத்தியாயத்தையும் கடைசியில் வரும் பின்னிணைப்பையும் திறந்தால் போதும். தமிழ் வினாத்தாள் பின்னிணைப்பில் அழகாக அச்சாகியிருக்கும். அதை அப்படியே எடுப்பதுதான் மாணவர்கள் செய்யும் மிகப்பெரிய தவறு. ஆய்வுமுறை அத்தியாயத்தில் யார் மொழிபெயர்த்தார், வேறொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து மூலத்தோடு ஒப்பிட்டாரா, முன்சோதனை எத்தனை பேரிடம், நம்பகத்தன்மை எண் எவ்வளவு என்று தேடுங்கள். ‘மூன்று நிபுணர்கள் ஒப்புதல் அளித்தனர்’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் அது சரிபார்க்கப்பட்ட வடிவம் ஆகாது. ஆய்வேட்டின் உண்மையான பயன் வேறு: அதில் குறிப்பிடப்பட்ட மூலக் கட்டுரையின் விவரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

சரிபார்ப்புக் கட்டுரை கையில் வந்ததும் முடிவுரைக்குத் தாவாதீர்கள். நாலு இடத்தைப் பாருங்கள். அளவுகோலின் விடையை எதனோடு ஒப்பிட்டார்கள்? மதிப்பெண் தெரியாத ஒரு மருத்துவர் தனியாக நேர்காணல் செய்திருந்தால் நல்லது. இன்னொரு வினாத்தாளோடு ஒப்பிட்டிருந்தால் அது பலவீனம். பெண்கள் தாங்களே நிரப்பினார்களா, யாராவது வாசித்துக் காட்டினார்களா? நீங்கள் பிரசவ வார்டில் மாமியார் பக்கத்தில் நிற்க வாசித்துக் காட்டினால் அதே எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. பிரசவமாகி எத்தனை வாரம்? கடைசியாக, வெட்டுப்புள்ளி, அதாவது சோர்வு இருக்கலாம் என்று பிரிக்கும் மதிப்பெண் எல்லை, எவ்வளவு? மூல ஆங்கிலக் கட்டுரை 12க்கும் 13க்கும் நடுவில் வெட்டியது. மொழிபெயர்த்த வடிவத்துக்கு அது அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் வடிவத்தைச் சரிபார்த்தவர்கள் கண்ட எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

உணர்திறன் (சோர்வுள்ளவரைச் சரியாகப் பிடிப்பது) 90%, தனித்திறன் (சோர்வில்லாதவரைச் சரியாக விட்டுவிடுவது) 90% என்று ஒரு கட்டுரை சொன்னால் பத்தில் ஒன்பது முடிவு சரி என்று படிக்கத் தோன்றும். உங்கள் 200 பேரில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையில் 10 விழுக்காட்டினருக்குச் சோர்வு இருப்பதாக வைத்தால் அது 20 பேர். கருவி 18 பேரைப் பிடிக்கும். சோர்வில்லாத 180 பேரில் 10 விழுக்காடு, அதாவது 18 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, பிடிபட்ட 36 பேரில் பாதிப்பேருக்கு ஒன்றுமில்லை. சோர்வுள்ளவர் 20 விழுக்காடு என்றால் 36 பேர் சரியாகவும் 16 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். கருவி அதேதான், மக்கள் தொகுதி மாறியதும் முடிவின் நம்பகம் மாறிவிட்டது. ஆகவே முதல் கணக்கில் ‘36 பேருக்கு மனச்சோர்வு’ என்று எழுதாமல் ‘36 பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல்’ என்று எழுதுங்கள்.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்ணான கிரான்பாக் ஆல்பா 0.70க்கு மேல் இருந்தால் ஆய்வுக்குப் போதும் என்பது பரவலான வழக்கம். அந்த எண் அளவுகோலின் நிரந்தரக் குணம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டுரையின் பெண்களிடம் கிடைத்தது, அவ்வளவே. உங்கள் 200 பேருக்கும் நீங்களே கணக்கிட்டு எழுத வேண்டும்.

வடிவங்களைக் கலப்பது இன்னொரு பொறி. பெக் மனச்சோர்வு அளவுகோல் 1961இல் வந்தது, இரண்டாம் வடிவம் 1996இல். இரண்டிலும் 21 கேள்விகள் என்பதால் ஒன்றின் வினாத்தாளுக்கு மற்றதன் வெட்டுப்புள்ளியைப் போட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ் அளவுகோலின் சுருக்க வடிவமான டாஸ்-21இல் வந்த மதிப்பெண்ணை இரண்டால் பெருக்காமல் டாஸ்-42இன் அட்டவணையில் பார்த்தால் எல்லோரும் நலமாகத் தெரிவார்கள். எடின்பரோவில் 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழ்: 3, 2, 1, 0. இணையத்தில் கிடைக்கும் தாள்களில் இந்தக் குறிப்பு பல நேரம் இருக்காது. எக்செல்லில் ஏற்றுமுன் ஐந்து தாள்களைக் கையால் திருத்தி ஒப்பிட்டுவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் ‘எல்லோரும் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்’ என்பது ஆதாரமாகாது. மறதி நோய்க்கான எம்எம்எஸ்இ 1975இல் இதழில் வந்து உலகெங்கும் தாராளமாகப் புழங்கியது. பிறகு உரிமை ஒரு நிறுவனத்திடம் போய், இப்போது காசு கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். எடின்பரோவை மூல ஆசிரியர்கள் பெயர், தலைப்பு, வெளியான இதழ் மூன்றையும் ஒவ்வொரு நகலிலும் அச்சிட்டால் அனுமதி கேட்காமல் நகலெடுக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பு வேறு ஆட்களின் உழைப்பு. கட்டுரையில் உள்ள தொடர்பு ஆசிரியருக்கு உங்கள் தலைப்பு, கல்லூரி, மாதிரி அளவு, கைடு பெயர் போட்டு நாலு வரி மின்னஞ்சல் அனுப்பி, தமிழ் வினாத்தாளையும் மதிப்பெண் முறையையும் கேளுங்கள். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆகவே முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். வந்த பதிலை அச்செடுத்துப் பின்னிணைப்பில் சேருங்கள்.

ஒவ்வொரு தேடலுக்கும் தேதி, தரவுத்தளம், தட்டிய சொற்கள், வந்த எண்ணிக்கை, எடுத்தவை என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தில் ‘இந்தக் கருவியை ஏன் தேர்ந்தீர்கள்’ என்ற பத்தியை அந்த நோட்டே எழுதிக் கொடுத்துவிடும்.

எடின்பரோவின் பத்தாவது கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அங்கே 0 தவிர வேறு எதையாவது ஒரு தாய் குறித்திருந்தால், அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுத்த மாதம் கணக்கிடும் தாளாக நினைக்கக் கூடாது. அங்கேயே பார்த்து, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். யாரிடம் அனுப்புவது, கூட யார் போவது என்பதை மருத்துவமனையோடு பேசி எழுதி, நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கும் தகவல் தாளின் அடியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இலவச அழைப்பு, தமிழிலேயே பேசலாம்.